பொம்மை பயமுறுத்துமா?

சென்ற இதழில் ‘கோரலைன்’ படத்தைப் பற்றிப் போகிற போக்கில் ஒரு வரி எழுதினேன். வந்த கடிதங்களைப் பார்த்தால் தமிழ்நாட்டில் பாதிப் பேர் அந்தப் படத்தைப் பார்த்துப் பயந்திருக்கிறார்கள், மீதிப் பேர் பயப்படக் காத்திருக்கிறார்கள். ஆகவே இந்த இதழ் முழுக்க அதற்கே.

கதை தெரியாதவர்களுக்கு: அப்பாவும் அம்மாவும் வேலையே கதியென்று கிடக்க, குடிவந்த புது வீட்டில் பொழுது போகாமல் திரிகிற கோரலைன் என்ற சிறுமி ஒரு கதவைத் திறக்கிறாள். அந்தப் பக்கம் இதே வீடு, இதே அம்மா. ஆனால் சாப்பாடு பிரமாதம், கண் இருக்க வேண்டிய இடத்தில் கறுப்புப் பொத்தான். அங்கேயே தங்க வேண்டுமென்றால் இவளும் கண்ணில் பொத்தான் தைத்துக்கொள்ள வேண்டும். நாவல் நீல் கெய்மன், 2002. படம் ஹென்றி செலிக், 2009.

கம்ப்யூட்டரிலேயே நொடியில் முடிக்கலாமே, எதற்குப் பொம்மையை நகர்த்தி நகர்த்திப் படம் எடுக்க வேண்டும்?
— மென்பொருள்காரர், சோழிங்கநல்லூர்

‘நொடியில் முடிக்கலாம்’ என்று உங்கள் மேனேஜர் காதுபடச் சொல்லிவிடாதீர்கள். கம்ப்யூட்டர் அனிமேஷனும் வருஷக்கணக்கில் ஆளை உறிஞ்சுகிற வேலைதான். செலவும் கூட: அதே 2009இல் வந்த பிக்ஸரின் ‘அப்’ 17 கோடி டாலருக்கு மேல் விழுங்கியது, ‘கோரலைன்’ சுமார் 6 கோடியில் முடிந்தது.

ஆனால் காசை விடுங்கள். இந்தக் கதைக்குப் பொம்மைதான் பொருத்தம் என்பதைப் படத்தின் முதல் காட்சியே சொல்லிவிடுகிறது. ஊசி ஊசியான விரல்கள் ஒரு துணிப் பொம்மையின் தையலைப் பிரிக்கின்றன, கண்ணைப் பிடுங்குகின்றன, உள்ளே இருப்பதைக் கொட்டிவிட்டுப் புதிதாக அடைக்கின்றன, கோரலைன் சாயலில் தைத்து முடிக்கின்றன. யாருடைய கை அது? வில்லியுடையது, அந்தப் பொத்தான் கண் அம்மாவுடையது. என்ன செய்கிறாள்? பொம்மை செய்கிறாள். பிறகு ஒரு வீட்டையும் தோட்டத்தையும் நாலைந்து ஆட்களையும் செய்து வைத்து, ஒரு குழந்தையை மயக்குவதற்காக அவர்களை ஆட்டி வைக்கிறாள். அமெரிக்காவின் ஆரிகன் மாநிலத்தில், ஹில்ஸ்பரோ என்ற ஊரில், லைக்கா நிறுவனத்தின் கொட்டகையில் அனிமேட்டர்கள் செய்ததும் அதேதான். வில்லியின் தொழிலும் படம் எடுத்தவர்களின் தொழிலும் ஒன்று. படம் முழுக்க ஓடுகிற மெல்லிய நடுக்கம் அங்கிருந்துதான் வருகிறது: எவ்வளவு அழகாகச் செய்திருக்கிறார்கள் என்று வாய் பிளக்கும்போதே, அந்த அழகை நம்பாதே என்கிறது கதை.

டிம் பர்ட்டன் படம் என்றால் எனக்கு உயிர். ‘கோரலைன்’ அவருடைய படங்களில் எத்தனையாவது?
— கல்லூரி மாணவி, திருச்சி

பூஜ்யமாவது. 1993இல் வந்த ‘தி நைட்மேர் பிஃபோர் கிறிஸ்மஸ்’ படத்துக்குக் கதையும் தயாரிப்பும் பர்ட்டன். படத்தின் பெயருக்கு முன்னால் அவர் பெயரும் ஒட்டிக்கொண்டது. இயக்கியவர் செலிக். பர்ட்டன் அப்போது பேட்மேனோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தார். செலிக்குக்கு ராசி அப்படி: படத்தை அவர் எடுப்பார், ‘பர்ட்டன் படம் அருமை’ என்று ஊர் கைதட்டும்.

நாவலை இரண்டு முறை படித்தவள் நான். அதில் வைபி என்ற பையனே கிடையாது. எழுத்தாளர் எழுதாத ஆளைத் திணிக்க இயக்குநருக்கு என்ன உரிமை?
— ஆசிரியை, தஞ்சாவூர்

டீச்சர், எழுத்தாளரே சம்மதித்த திணிப்பு அது. நாவல் அச்சாவதற்கு முன்பே கெய்மன் கையெழுத்துப் பிரதியை செலிக்கிடம் கொடுத்துவிட்டார். செலிக் எழுதிய முதல் திரைக்கதை நாவலை அப்படியே வரிபிடித்தது. அதன் கோளாறே அந்த விசுவாசம்தான். கெய்மனே அதைச் சொன்னார்.

ஏன் என்று யோசித்துப் பாருங்கள். நாவலில் கோரலைன் பெரும்பாலும் தனியாள். அவள் நினைப்பதை நமக்குச் சொல்ல எழுத்தாளர் இருக்கிறார். திரையில் அந்த ஆள் இல்லை. பின்னணிக் குரல் வைக்கலாம். அது முழுப் படத்துக்கும் பக்கத்து இருக்கைக்காரர் கதை சொல்வது மாதிரி. இல்லாவிட்டால் பெண் தனக்குத் தானே பேசிக்கொண்டு திரிய வேண்டும். ஆகவே எரிச்சல்படவும் சண்டை போடவும் ஒரு பையன். அந்த அளவில் செலிக் செய்தது கெட்டிக்காரத்தனம். இன்னொரு உலகத்தில் அதே வைபி வாய் பேச முடியாதவனாக வருகிறான் பாருங்கள், இன்னொரு அம்மாவுக்குப் பிடித்த மாதிரி ‘சரிசெய்யப்பட்டவன்’. நாவலில் இல்லாத அந்தப் பயங்கரம் படத்தின் சொந்தச் சம்பாத்தியம்.

ஆனால் உங்கள் கோபத்தில் பாதி நியாயம், அதைக் கடைசிக் காட்சிக்காக எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். நாவலில், துரத்திவரும் இன்னொரு அம்மாவின் துண்டான கையைக் கிணற்றில் விழவைக்க கோரலைன் தானே திட்டம் போடுகிறாள். கிணற்றின் மேல் மேஜைவிரிப்பைப் போட்டு, பொம்மைகளுக்குத் தேநீர் விருந்து நடத்துவது போல் நடித்து, கையை வரவைத்துக் கவிழ்க்கிறாள். குழந்தை விளையாட்டே ஆயுதம். படத்தில் வைபி சைக்கிளில் பாய்ந்து வந்து கைகொடுக்கிறான். பேச்சுத் துணைக்கு வந்தவன் சண்டைக் காட்சியில் பங்கு கேட்டிருக்கக் கூடாது. செலிக்கைத் திட்டுவதாக இருந்தால் நானும் உங்கள் கட்சி.

ஏழு வயதுப் பேத்தி பார்க்கலாமா? மருமகள் கூடாது என்கிறாள், மகன் பரவாயில்லை என்கிறான்.
— தாத்தா, மதுரை

இந்தச் சண்டை புத்தகம் வெளிவருவதற்கு முன்பே நடந்தது. கையெழுத்துப் பிரதியைப் படித்த கெய்மனின் இலக்கிய ஏஜென்ட், குழந்தைகளுக்கு இது ரொம்பப் பயங்கரம் என்றார். உங்கள் பெண்களுக்கே படித்துக் காட்டுங்கள் என்றார் கெய்மன். பெண்கள் ரசித்துக் கேட்டார்கள், பயமில்லை என்றார்கள், புத்தகம் குழந்தைகள் நூலாகவே வந்தது. பல வருஷம் கழித்து அதில் ஒரு பெண் உண்மையைச் சொன்னாள்: உள்ளுக்குள் நடுங்கித்தான் போனாளாம். பயம் என்று சொன்னால் மீதிக் கதையைச் சொல்ல மாட்டார்களே என்று மூச்சுக் காட்டவில்லை.

கெய்மன் இன்னொன்றும் கவனித்தார். குழந்தைகள் இதைச் சாகசமாகப் படிக்கிறார்கள். பெரியவர்கள்தான் ஆபத்தில் மாட்டிய குழந்தையைப் பார்த்துக் கதிகலங்குகிறார்கள். ஆகவே பேத்தியைப் பார்க்க விடுங்கள், விளக்கைப் போட்டுக்கொண்டு, பகலில், நீங்கள் பக்கத்தில் உட்கார்ந்து. பொத்தானையும் ஊசியையும் மேஜையில் வைக்கும் இடத்தில் அவள் கையைப் பிடித்துக்கொள்ளுங்கள். யாருக்குத் தைரியம் தேவைப்படும் என்பது அப்போது தெரியும்.

மொத்தம் எத்தனை போட்டோ எடுத்திருப்பார்கள்?
— கணக்கில் 100 வாங்குபவன், நாமக்கல்

படம் 100 நிமிடம். நொடிக்கு 24 சட்டகம். பெருக்கினால் 1,44,000. இது 3டி படம், இடது கண்ணுக்கு ஒன்று, வலது கண்ணுக்கு ஒன்று, ஆக 2,88,000. டைட்டில் கார்டைக் கழித்தாலும் தலை சுற்றும்.

கோரலைன் பொம்மையின் உயரம் ஒரு சாணுக்குச் சற்றுக் கூட. உள்ளே மூட்டுக்கு மூட்டு மடங்கும் உலோக எலும்புக்கூடு. முகம்தான் சுவாரஸ்யம். ரப்பர் முகத்தை விரலால் அழுத்தி இழுப்பதற்குப் பதிலாக, ஒவ்வொரு பாவத்துக்கும் ஒரு தனி முகத்தை 3டி பிரிண்டரில் அச்சடித்து, கையால் வர்ணம் தீட்டி, மாற்றி மாற்றிப் பொருத்தினார்கள். நெற்றியும் புருவமும் ஒரு துண்டு, வாயும் கன்னமும் இன்னொரு துண்டு. எந்த மேல் துண்டுடனும் எந்தக் கீழ் துண்டையும் சேர்க்கலாம். உன் வயதில் நீ படிக்கிற சேர்க்கைக் கணக்கு இதுதான், கோரலைனுக்கு இரண்டு லட்சத்துக்கு மேல் முகபாவங்கள் சாத்தியமாயின. இரண்டு துண்டும் சேரும் கோடு கண்ணை ஒட்டி ஓடும். அதைப் பிறகு கம்ப்யூட்டரில் அழித்தார்கள். முழுநீள ஸ்டாப் மோஷன் (பொம்மையை நகர்த்தி நகர்த்தி எடுக்கும்) படத்தில் இந்த முறையைப் புகுத்தியதற்காக லைக்காவின் கலைஞர்களுக்கு 2016இல் ஆஸ்கர் அகாடமியின் அறிவியல்-தொழில்நுட்ப விருது கிடைத்தது.

தோட்டத்தில் பூத்துக் குலுங்கும் செர்ரி மரங்கள் கொள்ளை அழகு. என்ன பூ அது?
— தோட்டக்கலை ஆர்வலர், ஊட்டி

பாப்கார்ன். இளஞ்சிவப்புச் சாயம் பூசியது.

கோரலைன் போட்டிருக்கும் ஸ்வெட்டரையும் கையுறையையும் மெஷினில் பின்னினார்களா?
— கடை உரிமையாளர், திருப்பூர்

திருப்பூரிலிருந்து வந்த கேள்வி என்பதால் மரியாதையாகப் பதில் சொல்கிறேன். கையால். ஆல்தியா குரோம் என்ற பின்னல் கலைஞர், தலைமுடி போன்ற மெல்லிய ஊசிகளை வைத்துப் பின்னினார். ஆர்டர் பிடிக்கலாமா என்று கேட்காதீர்கள், டெலிவரி தேதி தாங்காது.

3டி கண்ணாடி இல்லாமல் வீட்டு டிவியில் பார்த்தேன். பாதிப் படம் போச்சா?
— ஓய்வுபெற்ற தபால்காரர், நாகர்கோவில்

கால் படம் போயிருக்கும். பெரும்பாலான 3டி படங்களில் ஈட்டி மூக்குக்கு நேரே வரும், நாம் தலையைக் குனிவோம், அதோடு சரி. செலிக் ஆழத்தையே கதைக்குப் பயன்படுத்தினார். கோரலைனின் நிஜ வீட்டு அறைகளை ஆழமில்லாமல் தட்டையாக, சுவர் வந்து அமுக்குவது போல் கட்டினார்கள். அதே அறை இன்னொரு உலகத்தில் வரும்போது பின்னால் நீண்டு விரிந்து மூச்சுவிட இடம் கொடுக்கிறது. அவளுக்கு அங்கே ஏன் பிடித்துப்போகிறது என்பதை வசனமே இல்லாமல் கண் புரிந்துகொள்கிறது. சுதந்திரம் போலத் தெரிவது பொறி என்று புரியப் புரிய அதே ஆழம் அச்சமாக மாறுகிறது.

எடுத்த முறையும் எளிது: அசையாமல் நிற்கும் பொம்மைக்கு இரண்டு கேமரா எதற்கு? ஒரே கேமராவில் ஒரு படம், பக்கவாட்டில் துளி நகர்த்தி இன்னொரு படம். முழுக்க 3டியில் எடுத்த முதல் முழுநீள ஸ்டாப் மோஷன் படம் இது. மறுபடி தியேட்டருக்கு வந்தால் விடாதீர்கள். 15ஆம் ஆண்டையொட்டி 2024இல் வெளிநாடுகளில் வந்தபோது கூட்டம் குறையவில்லை.

இவ்வளவு பொறுமைக்கு யார் சார் சம்பளம் கொடுத்தது?
— ஆடிட்டர், கோவை

நைக்கி காலணி நிறுவனத்தை நிறுவிய இருவரில் ஒருவரான ஃபில் நைட். லைக்கா அவருடையது. மகன் டிராவிஸ் நைட் முதலாளி நாற்காலியில் உட்காராமல் இந்தப் படத்தில் அனிமேட்டராகப் பொம்மை நகர்த்தினார், பிறகுதான் தலைமை நிர்வாகி. அதற்கும் முன்னால் ராப் பாட்டுப் பாடி ஒரு ஆல்பம் போட்டிருந்தார். அப்பா பணத்தில் பொம்மை விளையாடிய பிள்ளைகளிலேயே உருப்படியானவர் என்று தாராளமாகச் சொல்லலாம். உங்கள் ஆறுதலுக்கு: 6 கோடி போட்டு எடுத்தது, அந்த முதல் வெளியீட்டிலேயே சுமார் 12 கோடி டாலர் வசூலித்தது.

படத்தில் விட்டுப்போனதில் உங்களுக்கு எது வருத்தம்?
— வாசகர், சேலம்

குளவிக் கதை. நாவலில், வில்லி கடத்திய அம்மா அப்பாவை மீட்க அந்தக் கதவுக்குள் மறுபடி நுழையும்போது கோரலைன் தன்னோடு வரும் பூனைக்கு ஒரு பழைய சம்பவத்தைச் சொல்கிறாள். சின்ன வயதில் அப்பாவோடு ஒரு பாழ்நிலத்துக்குப் போயிருந்தாள். குளவிக் கூடு கலைந்துவிட்டது. அப்பா அவளை ஓடச் சொல்லிவிட்டு, கொட்டு வாங்கிக்கொண்டு அங்கேயே நின்றார், குளவிகள் அவளை விரட்டாமலிருக்க. பிறகு, தவறவிட்ட மூக்குக் கண்ணாடியை எடுக்க அதே இடத்துக்குத் திரும்பப் போனார். முதலில் நின்றது தைரியமில்லை, வேறு வழியில்லை. குளவி இருப்பது தெரிந்து, பயந்துகொண்டே திரும்பப் போனதுதான் தைரியம் என்பது அப்பாவின் கணக்கு.

இப்போது அவள் செய்யப் போவதும் அந்தத் திரும்பப் போவதுதான். நாவலின் உயிர் இந்தச் சம்பவத்தில் இருக்கிறது. ஏன் விட்டார்கள்? இரண்டு நிமிடப் பழைய நினைவுக்காக ஒரு புது நிலம், ஒரு குட்டிக் கோரலைன் பொம்மை, ஒரு கூட்டம் குளவி எல்லாம் செய்ய வேண்டும். அந்தக் கணக்கு உதைத்திருக்கும் என்பது என் ஊகம். இருட்டுப் பாதையில் நடந்துகொண்டே அவள் சொல்ல, பூனை கேட்க, அப்படியே விட்டிருந்தால்கூடப் போதும். செலிக்கின் பெரிய பலம் கண்ணுக்குக் கதை சொல்வது. காதுக்கு விட வேண்டிய இடத்தில் அவர் நம்பிக்கை இழந்துவிட்டார்.

செல்போனில் ஸ்டாப் மோஷன் படம் எடுக்க ஆசை. எங்கே ஆரம்பிக்க?
— பிளஸ் டூ மாணவி, விருதுநகர்

ஜன்னலைச் சாத்துவதில். வெயில் நகர நகர வெளிச்சம் மாறி, படம் மினுக்கு மினுக்கென்று துடிக்கும். ஒரே விளக்கை வைத்துக்கொள். போனை ஸ்டாண்டில் இறுக்கி, வெளிச்சத்தையும் ஃபோகஸையும் லாக் செய். வெள்ளைச் சட்டை வேண்டாம், அது பொம்மை மேல் வெளிச்சத்தைத் திருப்பி அடிக்கும், கறுப்பு போடு. கம்பியை முறுக்கி எலும்புக்கூடு, மேலே களிமண். நொடிக்கு 12 படம் போதும். பத்து நொடிக்கு 120. முதலில் பொம்மையை நடக்கவைக்காதே, தலையைத் திருப்பவை. நடை மூன்றாம் மாதப் பாடம்.

கதைக்குக் கெய்மனைத் தொடாதே, உரிமை வேண்டும். நம் நாட்டுச் சட்டப்படி எழுத்தாளர் இறந்து 60 ஆண்டு கழிந்தால் நாவல் பொதுச்சொத்து. ‘பினோக்கியோ’வை எழுதிய கொலோடி 1890இல் காலமானவர், கியர்மோ டெல் டோரோ 2022இல் அதையே இருட்டான ஸ்டாப் மோஷன் படமாக்கி ஆஸ்கர் வாங்கிவிட்டார். நீயும் எடுக்கலாம், யாரும் வழக்குப் போட முடியாது.

அந்தப் பூனை ஒரு உலகத்தில் பேசுகிறது, இன்னொன்றில் பேசுவதில்லை. லாஜிக் இடிக்கிறதே?
— வக்கீல், சென்னை

அதைக் குறுக்கு விசாரணை செய்து பாருங்கள், இரண்டிலும் பேசாது.