நேர்மறை உறுதிமொழிக்கு ஒரு வாழ்த்து

நேர்மறை உறுதிமொழியே, உன்னைப் போல் சிக்கனமானது வேறில்லை. மருந்து வேண்டாம், உழைப்பு வேண்டாம். கண்ணாடி முன் நின்று "என்னால் எல்லாம் முடியும்" என்று சொல்லிவிட்டால் காலைக் கடமை தீர்ந்தது.

உன் வம்சமும் பெரிது. நூறு ஆண்டுகளுக்கு முன் பிரான்சின் நான்சி நகரில் எமில் கூவே என்ற மருந்தாளர், தம்மிடம் வந்தவர்களை, நாளுக்கு நாள் தாம் மேம்பட்டு வருவதாகக் காலையிலும் இரவிலும் இருபது முறை சொல்லச் சொன்னார். எண்ணிக்கை தவறாதிருக்க இருபது முடிச்சிட்ட கயிறு. யோசிக்காமல், ஒரே குரலில் முணுமுணுக்க வேண்டும் என்பது அவர் வைத்த விதி. மனம் குறுக்குக் கேள்வி கேட்டால் நீ தாங்கமாட்டாய் என்று அன்றே அறிந்து உனக்குக் காவல் வைத்தவர் அவர்.

பாத்திரமறிந்து கொடுப்பதில் நீ மன்னன். கனடாவின் வாட்டர்லூ பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ஜோஆன் வுட் குழுவினர் 2009-ல் வெளியிட்ட ஆய்வில் பங்கேற்றவர்களை, தாம் அன்புக்குரியவர் என்று மணியடிக்கும்போதெல்லாம் மனத்துக்குள் சொல்லச் சொன்னார்கள். தன்மதிப்பு ஏற்கெனவே உயர்ந்திருந்தவர்களுக்குச் சற்றே தெம்பு தந்தாய். குறைந்திருந்தவர்களோ, உன்னைச் சொல்லாமலே இருந்தவர்களைவிடவும் சோர்ந்துபோனார்கள். நிறைகுடத்துக்கு ஒரு செம்பு நீர், வெறுங்குடத்துக்கு ஓர் ஓட்டை.

ஞாபகசக்தியை வளர்ப்பதிலும் நீ கெட்டிக்காரன். "என்னை எல்லோரும் விரும்புகிறார்கள்" என்று புண்பட்டவர் ஒருமுறை சொன்னால் போதும். விரும்பாதவர்களின் முகங்கள், மறந்துபோனவைகூட, வரிசையில் வந்து நிற்கும். பயிலரங்கு நடத்துவோருக்கோ நீ காமதேனு. பலித்தால் புகழ் உனக்கு. பலிக்காவிட்டால் சொன்னவருக்கு நம்பிக்கை போதவில்லை. கட்டிய பணத்தை யாரும் திருப்பிக் கேட்பதில்லை.

உன் அடக்கத்தையும் சொல்லியாக வேண்டும். உன் பெயரைக் கொண்ட ஒரு பங்காளியைப் பற்றி நீ வாய் திறப்பதே இல்லை. மனிதர் தமக்கு உண்மையிலேயே முக்கியமானதை நினைத்துப் பார்த்தால் அடிபட்ட தன்மதிப்பு நிமிரும் என்று 1988-ல் எழுதினார் உளவியலாளர் கிளாட் ஸ்டீல். அதையொட்டி ஜெஃப்ரி கோஹன் குழுவினர் அமெரிக்கப் பள்ளியொன்றில் ஏழாம் வகுப்புப் பிள்ளைகளைக் கால் மணி நேரம் போல எழுதவைத்தார்கள். நட்போ குடும்பமோ கலையோ, தங்களுக்கு முக்கியமானது ஏன் முக்கியம் என்பதே பாடம். 2006-ல் வெளியான முடிவின்படி, கறுப்பினப் பிள்ளைகளின் மதிப்பெண் உயர்ந்தது. "நான் கெட்டிக்காரன்" என்று யாரையும் எழுதச் சொல்லவில்லை. பிள்ளைகள் தங்களிடம் உள்ளதை எழுதினார்கள்.

இதையெல்லாம் பார்த்தும் நீ கலங்கவில்லை. முன்னிலும் உரக்க உன்னையே சொல்லிக்கொண்டிருக்கிறாய். நீ ஊட்டுவதாகச் சொல்லும் தன்னம்பிக்கை உன்னிடம் மட்டும் குறைவின்றி இருக்கிறது.