நுரையியல் என்னும் விடுபட்ட 28ஆம் இயல்

தொல்காப்பியர் மூன்று அதிகாரங்களில் 27 இயல்கள் வகுத்தார். அவற்றுள் ஒன்றுகூட நுரைக்கு ஒதுக்கப்படவில்லை. உரையாசிரியர்களும் இதுபற்றி வாய் திறக்கவில்லை. இக்குறையை நிறைக்க முற்பட்ட யாம், கிள்ளானிலிருந்து பந்திங் செல்லும் 5ஆம் எண் கூட்டரசுச் சாலையில் உள்ள தெலுக் பங்லிமா காராங்கை ஆய்வுக்களமாகக் கொண்டோம். இங்கே தொழிற்பேட்டை உண்டு. அதன் கூரைகள் தகரம். வரிசை வீடுகள் உண்டு. அவற்றில் ஏர்கோன் உண்டு. ஏர்கோன் குழாய் வெளியேறச் சுவரில் ஓட்டை உண்டு. ஓட்டை உள்ள இடத்தில் பல்லி உண்டு. பல்லி உள்ள வீட்டில், தீபாவளி நெருங்கும்போது, "என்னங்க, அந்த ஓட்டைய இந்த வருஷமாவது அடைப்பீங்களா?" என்ற குரல் உண்டு. இவ்வாய்வின் மூல நூல் அந்தக் குரலே.

அந்த ஓட்டையை அடைக்கும் பொருள் பாலியூரித்தேன் நுரை. அதன் வரலாறு சுருக்கமானது. 1937இல் ஜெர்மனியின் லெவர்குசன் நகரில் ஓட்டோ பேயர் பாலியூரித்தேன் வேதியியலைக் கண்டறிந்தார். பேயர் நிறுவனத்தைத் தொடங்கிய குடும்பத்துக்கு இவர் உறவல்லர். பெயர் மட்டும் பொருந்தியது. தொடக்கத்தில் பொருளில் குமிழிகள் தோன்றியபோது, போலிப் பாலாடைக் கட்டி செய்யத்தான் இது உதவும் என்று சோதனைப் பிரிவினர் கேலி செய்ததாக ஒரு செவிவழிச் செய்தி உண்டு. ஆராய்ச்சியாளரைக் கேலி செய்யும் மரபு எல்லா நாட்டிலும் தொன்மையானது என்பதற்காகவே இதை இங்குக் குறித்தோம்.

நுரை இருவகைப்படும். முதலாவது இருகூற்று நுரை. ஐசோசயனேட் ஒரு பீப்பாய், பாலியால் மறு பீப்பாய். சூடேற்றிய குழாய்கள் வழியே வந்து துப்பாக்கி முனையில் கலந்து, சில நொடிகளில் பொங்கும். தொழிற்சாலைத் தகரக் கூரையின் அடியில் அடிப்பது இதைத்தான். முழு உடை, முகமூடி அணிந்த தொழிலாளிகளின் துறை இது. யாம் எட்ட நின்று வணங்கி விலகினோம்.

இரண்டாவது ஒருகூற்று நுரை. ஆர்ட்வேர் கடையில் தவுக்கே எடுத்துத் தரும் 750 மில்லிலிட்டர் டின். இது இறுகுவதற்குத் தேவை காற்றின் ஈரம். ஐசோசயனேட்டும் நீரும் சேர்ந்தால் கரியமில வாயு பிறந்து நுரையை மேலும் ஊதும். குளிர்நாட்டார் ஈரம் போதாமல் தண்ணீர் தெளித்துப் பாடுபடுகிறார்கள். கடலும் லங்காட் ஆறும் சூழ்ந்த எமது களத்திலோ காற்றே பாதி வேலையைச் செய்துவிடுகிறது. புழுக்கத்தைப் பற்றிக் குறை கூறுவோர் இதைக் கவனிக்க.

அடிக்கும் முறை: டின்னை நன்கு குலுக்குக, தலைகீழாகப் பிடிக்க, ஓட்டையில் பாதி அளவே நிரப்புக. இம்மூன்றில் கடைசி விதியைக் கடைப்பிடித்தவர் எவரையும் களத்தில் யாம் காணவில்லை. எல்லாரும் வாய்வரை நிரப்புகிறார்கள். பொங்கலன்று பானை பொங்கினால் கூவுவோம். இது பொங்கினாலும் கூவுகிறோம், ஓசை வேறு. எலி நடமாடும் வீட்டில் முதலில் கம்பிவலையைத் திணித்துப் பின் நுரை அடிக்க வேண்டும். வெறும் நுரையை எலி கடித்துவிடும். டின்னில் உள்ள வாயு தீப்பற்றக்கூடியது. ஆகவே சாமி விளக்கை அணைத்துவிட்டு வேலையைத் தொடங்குவது தெய்வ நிந்தனை ஆகாது.

இனி, பிதுங்கியதை அறுத்தல். அறிஞர் பிளவுபட்டு நிற்பது இங்கேதான்.

விரல் பள்ளியினர், நுரை ஈரமாக இருக்கும்போதே விரலால் அமுக்கிச் சமன் செய்யலாம் என்பர். அமுக்கினால் குமிழிகள் உடைந்து நுரை சப்பிவிடும். விரலும் அதனுள் சிக்கும். ஈர நுரையை அசிட்டோன் கரைக்கும். இறுகிய நுரையைக் கரைக்காது. தோல் தானாக உரியும் வரை இப்பள்ளியினரைக் கையைப் பார்த்தே அடையாளம் காணலாம்.

கட்டர் பள்ளியின் கருவிக்கு வமிசம் உண்டு. 1956இல் ஒசாக்காவின் யோஷியோ ஒகாடா, சாக்லேட் கட்டியை ஒடிப்பதைக் கண்டு, மழுங்கிய முனையை ஒடித்தெறியும் பிளேடைப் படைத்தார். சிறு பிதுக்கத்துக்கு அது போதும். கை அகலப் பிதுக்கத்தில் பிளேடு எட்டாது. நாலு பக்கம் கொத்தி, எலி கடித்த தோற்றமே மிஞ்சும்.

நெருப்புப் பள்ளியார், தெர்மோகோலைச் சூட்டுக்கம்பி அறுப்பதால் இதையும் அறுக்கும் என்று வாதிடுவர். தெர்மோகோல் உருகும். பாலியூரித்தேன் நுரை உருகாது, கருகும். கருகும்போது நச்சுப் புகை விடும். இப்பள்ளியை மறுப்பதோடு நில்லாமல் தடை செய்யவும் பரிந்துரைக்கிறோம்.

ரம்பப் பள்ளி மதிப்புக்குரியது, ஆனால் ரம்பத்தை யாரோ ஒரு மச்சான் இரவல் வாங்கிப் போயிருப்பார்.

எமது துணிபு ரொட்டிக் கத்தி. நீளம், வளையும் தகடு, அலைப்பல் எல்லாம் அதில் உண்டு. மேலும் மலேசியத் தமிழர் வீட்டில் ரொட்டி துண்டு போட்டே வருவதால், கல்யாணப் பரிசுப் பெட்டியில் வந்த அக்கத்தி ஆண்டுக்கணக்கில் வேலையின்றிக் கிடக்கிறது. நுரை தொட்டால் ஒட்டாத நிலை வந்ததும் பாய்வது பிழை. உள்ளே இன்னும் பிசுபிசுப்பு இருக்கும். ஓர் இரவு விடுக. பிறகு கத்தியைச் சுவரோடு படுக்க வைத்து, அழுத்தாமல் நீளமாக இழுக்க. தூள் பறக்கும், மூக்கைக் கட்டிக்கொள்க. வேண்டாததை மட்டும் நீக்கும் கலையில், பாலம் தாண்டினால் கேரித் தீவில் மா மெரி பழங்குடி மரச்சிற்பிகள் பெயர் பெற்றவர்கள். நுரையைக் கொண்டுபோய் அவர்களிடம் ஐயம் கேட்க எமக்குத் துணிவில்லை.

அறுத்த முகத்தில் மேல்தோல் போய்க் குமிழிகள் திறந்திருக்கும். வெயில் பட்டால் நுரை மஞ்சளாகிப் பழுப்பாகி உதிரும். வெளிப்பக்கம் சிமெந்தோ சாயமோ பூசாதவருக்கு அடுத்த தீபாவளிக்கும் அதே பல்லி, அதே குரல்.

நுரை அறுத்த கத்தியைக் கழுவி மீண்டும் அடுப்படிப் பெட்டியில் வைக்கும் வழக்கம் களத்தில் பரவலாக உள்ளது. அது தவறு, அந்தக் கத்தி இனி உணவைத் தொடக்கூடாது. பிடியில் சிவப்பு நாடா சுற்றிக் கருவிப் பெட்டியில் போடுங்கள், வீட்டம்மா தேடுவதற்குள் புதிய கத்தி ஒன்று வாங்கி வைத்துவிடுங்கள்.