கேட்டால்தான் குற்றம்

சவுதி அரேபியாவில் பெண்கள் கார் ஓட்டலாம் என்று 2018 ஜூனில் அனுமதி வந்தது. உலகமே கைதட்டியது. அந்த உரிமைக்காகப் போராடிய லுஜெய்ன் அல்-ஹத்லூலையோ மே மாதமே பிடித்து உள்ளே வைத்துவிட்டார்கள். இளவரசர் கொடுத்தால் சீர்திருத்தம். குடிமகள் கேட்டால் துரோகம். தொழிற்சங்கமா? அதற்கும் அங்கே இடமில்லை.

"மன்னராட்சி, அப்படித்தான் இருக்கும்" என்று காஞ்சிபுரம் டீக்கடையில் உட்கார்ந்து உச்சுக் கொட்டுகிறோம். நமக்கென்ன, அண்ணா பிறந்த ஊர்!

இந்த ஊர்க் கோர்வைச் சேலைக்கு மூன்று நாடா. உடலுக்கு ஒன்று, கரைக்கு ஒவ்வொன்று. ஒற்றை ஆளால் ஆகாது. அப்பன் பக்கத்தில் பிள்ளையும் உட்கார்ந்து நாடா தள்ளினான். கூலி கட்டவில்லை, முதலாளியிடம் வாங்கிய முன்பணமும் தீரவில்லை. அடுத்த தலைமுறை தறியை விட்டுக் கம்பெனி பஸ் ஏறியது. சீருடை, கழுத்தில் அட்டை. மாவட்டமே மாறிவிட்டது என்றார்கள். சங்கம் என்று வாய் திறக்கும்வரை மாறித்தான் இருந்தது.

2024 செப்டம்பர் 9. சுங்குவார்சத்திரம் சாம்சங் ஆலைத் தொழிலாளர்கள் சங்கத்தை அங்கீகரிக்கச் சொல்லி வேலைநிறுத்தத்தில் இறங்கினார்கள். 15ஆம் தேதி அண்ணா பிறந்தநாள். ஊரூராகச் சிலைக்கு மாலை. மாலை வாடக்கூட இல்லை, 16ஆம் தேதி காஞ்சிபுரத்தில் பேரணி போகக் கிளம்பிய நூற்றுக்கும் மேற்பட்டோரைப் போலீஸ் அள்ளிக்கொண்டு போனது. அக்டோபரில் போராட்டப் பந்தலையும் பிரித்துப் போட்டார்கள். அப்போது ஆண்டது அண்ணா தொடங்கிய கட்சி.

இதே ஆட்சிதான் 2023 ஏப்ரலில் 12 மணி நேர வேலைக்கு வழிவிடும் மசோதாவைச் சட்டசபையில் நிறைவேற்றியது. கூட்டணிக் கட்சிகளே வெளிநடப்பு செய்தன. பிறகு மே தினத்தன்று வாபஸ் என்று அறிவித்து, அதற்கும் பாராட்டு வாங்கிக்கொண்டது! பிடுங்கப் பார்த்ததைத் திருப்பித் தந்தால் அதற்குப் பெயர் பரிசாம். எந்த இளவரசருக்கும் இந்த சாமர்த்தியம் வராது.

சங்கத்தின் பெயரில் "சாம்சங்" என்ற சொல் வரக்கூடாது என்று நிறுவனம் ஆட்சேபித்தது. அந்தப் பெயரை நெஞ்சில் மாட்டிக்கொண்டு உழைக்கலாம். சங்கப் பலகையில் எழுதினால் தீட்டு.

37 நாள் போராட்டம் முடிந்தும் சங்கத்துக்குப் பதிவு கிடைக்கவில்லை. உயர் நீதிமன்றம் ஆறு வாரம் கெடு வைத்த பிறகு, 2025 ஜனவரியில்தான் கிடைத்தது. தொழிற்சங்கச் சட்டம் 1926இல் வந்தது, வெள்ளைக்காரன் காலத்தில்.