கண்ணாடிப் பெட்டிக்கு உகந்த பல்லி: மும்பைத் தமிழர் நோக்கில் ஓர் ஆய்வு

மும்பையில் வாழும் தமிழர் ஒருவர் கண்ணாடிப் பெட்டியில் வைத்து வளர்க்கச் சிறிய பல்லி ஒன்றைத் தேட விரும்பினால், எதைத் தேர்வது? இதுவே இக்கட்டுரையின் ஆய்வுச் சிக்கல். மாடுங்கா, தாராவி, செம்பூர் ஆகியவை ஆய்வு எல்லை. முலுண்டும் டோம்பிவிலியும் பக்க வரையறை கருதி விலக்கப்பட்டன. ‘உகந்த பல்லி ஏற்கெனவே வீட்டில் இருக்கிறது, பெட்டியும் அதுவே, அதாவது வீடே’ என்பது கருதுகோள். முடிவை முதலில் எழுதிவிட்டுச் சான்றைப் பிறகு திரட்டுவது நம் பல்கலைக்கழகங்கள் ஏற்றுக்கொண்ட முறையாதலால் அதற்குத் தனி விளக்கம் தேவையில்லை. முன்னாய்வுகளைப் பொறுத்தவரை, பல்லி என்ற சொல் வரும் பாட்டையெல்லாம் வரிசையாக அடுக்கி, ‘இதனால் பண்டைத் தமிழர் பல்லியை அறிந்திருந்தனர் என்பது புலனாகிறது’ என்று முடித்தால் ஐஎஸ்பிஎன் எண்ணோடு ஒரு கருத்தரங்கக் கோவையில் இடம் உறுதி. ஆனால் நற்றிணையின் 98ஆம் பாட்டை உரியவர்கள் கூர்ந்து படித்ததாகத் தெரியவில்லை. அதில் தினைப்புனத்துக்குள் நுழையப்போன காட்டுப்பன்றி, பல்லி சொன்னதைக் கேட்டுவிட்டுத் திரும்பிப் போகிறது. பிறர் கருத்தைக் கேட்டுத் தன் முடிவை மாற்றிக்கொண்டதாகத் தமிழாய்வுப் பரப்பில் பதிவாகியிருக்கும் ஒரே உயிர் அந்தப் பன்றிதான்.

இனி வகைப்பாடு. உடும்பு 1972ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் இருப்பதால், அதைக் கூண்டில் வைப்பவர் தாமும் கூண்டுக்குள் போக நேரும். ஓணானைப் பற்றி, வேலியில் போவதை மடியில் விட்டுக்கொள்வது குறித்த பழமொழி எல்லாவற்றையும் சொல்லிவிட்டது. அரணை நக்கினால் மரணம் என்பதற்கு ஆதாரம் கிடையாது. மாமியாரிடம் ஆதாரம் எடுபடுவதும் கிடையாது. கிராஃபோர்டு மார்க்கெட் பக்கம் போய் இகுவானா விசாரிப்பவர்கள் இரண்டைத் தெரிந்துகொள்ள வேண்டும். கையகலத்தில் வாங்கிய குட்டி ஐந்தடி வரை வளரும். அது அருகிவரும் உயிரின வணிகத்துக்கான சைட்டீஸ் உடன்படிக்கையின் இரண்டாம் பட்டியலைச் சேர்ந்ததாதலால் 2024ஆம் ஆண்டு விதிகளின்படி மத்திய அரசின் பரிவேஷ் இணையதளத்தில் பதிவு செய்தாக வேண்டும். ரேஷன் கார்டில் மருமகள் பெயரைச் சேர்க்கவே ஆறு மாதம் அலைந்த குடும்பத்துக்கு இது ஆகிற காரியமல்ல.

எஞ்சுவது வீட்டுப் பல்லி, அறிவியலார் நாவில் ஹெமிடாக்டைலஸ். இவற்றுள் மஞ்சள் கலந்த வயிறுடைய ஃபிளாவிவிரிடிஸ் என்பதற்கு 1835இல் ரூப்பெல் பெயரிட்டார். ‘ச்சு ச்சு’ என்று பலன் சொல்லும் ஃபிரெனேட்டஸ் அடுத்த ஆண்டே ஏட்டில் ஏறியது. அதற்குப் பின் நூறு ஆண்டுக்கும் மேலாக ‘புரூக்கி’ என்ற ஒரே பெயரில் அடங்கிக் கிடந்த பல்லிகளை இப்போது பிரித்துப் பிரித்துத் தனித்தனி இனமாக்கி வருகிறார்கள். புரூக்கிக்கு வெளியேயும், 2014இல் திருநெல்வேலிச் சீமையிலிருந்தே அகாந்தோஃபோலிஸ் என்று புதிதாக ஒன்று அறிவிக்கப்பட்டது. தாராவித் தமிழரில் பெரும்பகுதியினர் அதே சீமையிலிருந்து ரயிலேறியவர்கள் என்பதால், ஊர்க்காரர் யார், உள்ளூர்க்காரர் யார் என்ற பிரச்சினை பல்லிக்கும் வந்துவிட்டது. ஆய்வாளர் கூடக்கூட இனமும் கூடுமா, இனம் கூடுவதால் ஆய்வாளர் கூடுகிறார்களா என்பது தனி ஆய்வுக்குரியது. நிதி கிடைத்தால் செய்யலாம்.

இந்த ஆய்வின் உயிர்நிலை பரப்பளவுக் கணக்கு. வீட்டுப் பல்லி வால் உட்பட ஏறத்தாழ 12 செ.மீ. அதற்கு 90 செ.மீ. நீளக் கண்ணாடிப் பெட்டி கொடுத்தால், உடல் நீளத்தைப் போல் ஏழரை மடங்கு இடம். மும்பைக் குடிசை மாற்றுத் திட்டத்தில் முதலில் ஒரு குடும்பத்துக்குக் கொடுக்கப்பட்டது 225 சதுர அடி. சதுரமாகக் கொண்டால் 15 அடிக்கு 15 அடி. ஐந்தரை அடி ஆளுக்கு அது மூன்று மடங்குகூட இல்லை. தாராவிக்கு இப்போது பேசப்படும் 350 சதுர அடியும் மூன்றரை மடங்கைத் தொடாது. பல்லியின் தரத்தில் அந்த ஆளைக் குடிவைக்க வேண்டுமானால் 41 அடி நீள அறை தேவை. மாடுங்காவில் அப்படி ஓர் அறை கல்யாண மண்டபத்தில்தான் கிடைக்கும், அதுவும் முகூர்த்தமில்லாத நாளில். இதோடு முடியவில்லை. மனிதனுக்குத் தரை மட்டுமே பயன்படும். பல்லிக்கு நான்கு சுவரும் கூரையும் சொந்தம். அதே அறை 9 அடி உயரம் என்றால் சுவர்கள் 540, கூரை 225, ஆக 765 சதுர அடி. தவணை கட்டுபவரைவிட மும்மடங்குக்கும் கூடுதலான பரப்பில் பல்லி தவணையின்றி வாழ்கிறது. 2016ஆம் ஆண்டு ரியல் எஸ்டேட் சட்டம் கார்ப்பெட் ஏரியாவுக்கு வரையறை தந்தபோது தரையை மட்டுமே எண்ணியது, கூரையை எண்ணவில்லை. பில்டர்கள் இதை இன்னும் கவனிக்காதது பல்லிகளின் நல்லூழ்.

பல்லிக்கு வீடே பெட்டி என்பதைக் களச்சான்றுகள் உறுதி செய்கின்றன; இங்கே ஒவ்வொரு வீடும் ஒரு சுவடி. பல்லி இருப்பிடம் காலண்டருக்குப் பின்புறமே என்பது பெருவழக்கு (மாடுங்காச் சுவடி, ஹால், வடக்குச் சுவர்). ஸ்விட்ச் போர்டுக்குப் பின்னால் இரண்டே இரண்டு வெள்ளை முட்டை இடும் என்பர் (செம்பூர்ச் சுவடி, படுக்கையறை, மின்சாரம் கருதிப் பதிப்பாசிரியர் கைவைக்கவில்லை). சினைப்பல்லி டியூப்லைட்டின் மேல் ஒட்டிக்கொள்ளும்போது அந்த இரு முட்டைகளும் வயிற்றுத் தோல் வழியே தெரிவதைப் பரணை விட்டிறங்காத உரைமரபு ஒன்று குறித்திருக்கிறது (தாராவிச் சுவடி, சமையலறை, எண்ணெய்ப் பிசுக்கால் சிதைந்தது, மேல் வரி கரப்பான் அரித்தது, கீழ் வரி 2005 வெள்ளத்தில் போனது, நடு வரி வெள்ளையடித்தவரின் இடைச்செருகல் என்பது துணிபு).

மறுப்புகள் சில. உணவு போடாமல் அதை வளர்ப்புப் பிராணி என்பது எப்படி என்று கேட்பர். போடுகிறோம்: டியூப்லைட் போடுகிறோம், அதற்குப் பூச்சி வருகிறது, மாதாமாதம் கரன்ட் பில் கட்டுகிறோம். எல்இடி விளக்கில் புறஊதாக் கதிர் அநேகமாக இல்லாததால் அதற்குப் பூச்சி குறைவாகவே வரும். ஆகவே எல்இடி பல்பு வழங்கும் உஜாலா திட்டம் 2015இல் தொடங்கியது முதல் பல்லிகளுக்கு ரேஷன் குறைந்திருக்க வேண்டும். கடைப்பல்லிக்குச் சூட்டு விளக்கும் ஈரப்பத மானியும் வாங்குகிறார்களே என்பர். ஜூலை மாதத்து மும்பையில் ஈரப்பதத்தைக் காசு கொடுத்து வாங்குபவரிடம் வாதம் செய்வது வீண். பால் பாத்திரத்தில் விழுந்தால் விஷமாயிற்றே என்பர்; வீட்டுப் பல்லிக்கு விஷம் கிடையாது. சால்மோனெல்லா கிருமியைச் சுமக்கக்கூடும் என்பது உண்மையாதலால் பாலைக் கொட்டத்தான் வேண்டும், ஆனால் சரியான காரணத்துக்காக.

விழுவதைப் பற்றித்தான் கருத்து மோதல் கடுமை. வீட்டுப் பல்லியின் உறவான டோக்கே பல்லியின் ஒரு பாதத்தில் ஏறத்தாழ 5 லட்சம் நுண்மயிர்கள் உண்டு. அவை பசையின்றி, மூலக்கூறுகளுக்கிடையிலான வான் டெர் வால்ஸ் ஈர்ப்பாலேயே பற்றுகின்றன என்று 2000ஆவது ஆண்டில் நேச்சர் இதழ் கட்டுரை வழிகாட்ட, இரண்டாண்டில் உறுதியாயிற்று. காய்ந்த டெஃப்லானைத் தவிர அநேகமாக எதிலும் பிடி நழுவாத பிராணி பின் ஏன் விழுகிறது? பஞ்சாங்கம் அதை, யார்மேல் விழுகிறதோ அவரின் வினை என்கிறது. தலை, தோள், இடம், வலம், ஆண், பெண் என்று பலன் பிரித்திருக்கிறது. காஞ்சி வரதராஜப் பெருமாள் கோயில் கூரையில் உள்ள தங்கப் பல்லியையும் வெள்ளிப் பல்லியையும் தொட்டால் தோஷம் தீரும் என்பதும் வழக்கு. இக்கட்டுரை பஞ்சாங்கத்தை மறுக்கவில்லை; மும்பைக்கு ஒரு திருத்தம் மட்டும் முன்மொழிகிறது. ஆடி மழையில் ஊறிய சுவரில் பெயின்ட் பொரிந்து நிற்கிறது. பல்லி பெயின்டை விடவில்லை, பெயின்ட் சுவரை விட்டது. ஆகவே ‘தலையில் விழுந்தால் கலகம்’ என்பதைச் ‘ஹவுசிங் சொசைட்டி மீட்டிங்கில் கலகம்’ என்று வாசிப்பதே பொருந்தும். ஒழுகலுக்கு மேல்வீட்டுக்காரர் பொறுப்பா, சொசைட்டி பொறுப்பா என்பது அங்கேதான் முடிவாகும், அல்லது முடிவாகாது.

பல்லிக்கு வீட்டுரிமை உண்டா என்ற தீராத சிக்கல் ஒன்று உண்டு. தாராவி மறுசீரமைப்பில் 2000 ஜனவரி 1க்கு முன்பிருந்தே தரைத்தளத்தில் குடியிருந்தோருக்கு 350 சதுர அடி இலவசம். மேல்தளத்தாருக்கு வாடகைக் கொள்முதல் முறை. சில ஆண்டே வாழும் பல்லி தாத்தா பாட்டி வழி உரிமைதான் கோர முடியும்; அப்போதும் அது கூரையில் இருப்பதால் மேல்தளப் பட்டியலில் போய்விடும். மனுவில் ரேகை வைக்கச் சொன்னால், டோக்கேயின் பாதத்துக்கு 5 லட்சம் மயிர் என்ற கணக்கில் ஸ்டாம்ப் பேடு எத்தனை தேவைப்படும் என்பதை அலுவலகம் முன்கூட்டியே திட்டமிட்டுக்கொள்வது நல்லது.