பத்துப்பாத்திரமும் முப்பத்திரண்டு பல்லும்

ராத்திரி படுக்கப் போகும் முன் பல் விளக்க வேண்டும் என்பது தெரியாதவர் யாரும் இல்லை. தெரிந்தும் ஏன் விளக்குவதில்லை என்பதே இவ்வாய்வின் பொருள். இந்தத் தலைப்போடு போனால் எந்த நெறியாளரும் வாசலிலேயே திருப்பி அனுப்பிவிடுவார் என்பதால், சொந்தச் செலவில், சொந்த வாயிலேயே ஆய்வை நடத்த வேண்டியதாயிற்று. ஆய்வாளரும் ஆய்வுக்களத்தின் உரிமையாளரும் ஒருவரே. ஆகவே களப்பணிக்குப் பஸ் செலவு இல்லை. தொடக்கத்தில் களத்தில் 32 பற்கள் இருந்தன. இன்றைய தேதிக்கு முப்பத்தொன்றரை இருக்கின்றன. அந்த அரைப் பல்லின் கதை பின்னால் வரும்.

காலைப் பல்துலக்கல் இந்த ஆய்வின் எல்லைக்குள் வராது. அதற்குக் காவல் இருக்கிறது. அந்தக் காவலின் பெயர் காபி. எங்கள் வீட்டில் அம்மா டபராவை மேடையிலேயே வைத்துவிட்டு, "வாயைக் காட்டுடா" என்பாள். நான் தண்ணீரில் நனைத்து மட்டும் வைத்த பிரஷைத் தொட்டுப் பார்த்து, ஈரமாக இருக்கிறதே என்று அவள் ஏமாந்ததும் உண்டு. பிறகு பிரஷை விட்டுவிட்டு நேராக வாயை மோந்து பார்க்கும் முறைக்கு மாறினாள். தரவைத் திருத்தும் ஆய்வாளனுக்கு எதிராக நான் அறிந்த ஒரே பிழையற்ற சோதனை அது. ஆக, காலையில் பல் விளக்கினால் காபி கிடைக்கும். இரவில் பல் விளக்கினால் என்ன கிடைக்கும்? டப்பாவில் மிச்சமிருக்கும் முறுக்கைத் தொட முடியாமல் போகும். காலைக்கு வெகுமதி, இரவுக்குத் தண்டனை. இது இவ்வாய்வின் முதல் கருதுகோள்.

இரண்டாம் கருதுகோள் மொழியியல் சார்ந்தது. பல்லைச் சுத்தம் செய்வதற்கென்று தமிழில் தனி வினைச்சொல் கிடையாது. சிலர் பல் விளக்குகிறார்கள். தெற்கே போனால் பல் தேய்க்கிறார்கள். பள்ளிப் புத்தகத்தில் பல் துலக்குகிறார்கள். யாழ்ப்பாணத்தில் பல் தீட்டுகிறார்கள். தீட்டுவது கத்திக்கும் அரிசிக்கும் உரியது, அதை விட்டுவிடலாம். மற்ற மூன்றும் எங்கிருந்து வந்தன? சமையலறைத் தொட்டியிலிருந்து. விளக்குவதும் தேய்ப்பதும் துலக்குவதும் பாத்திரத்தைத்தான். தமிழன் பல்லை ஒருநாளும் உடலுறுப்பாகப் பார்த்ததில்லை. வாய்க்குள் அடுக்கிவைத்த எவர்சில்வராகவே பார்த்திருக்கிறான்.

இங்கேதான் முரண் வருகிறது. பத்துப்பாத்திரத்தை ராத்திரி போட்டுவைத்தால் வீட்டில் லட்சுமி தங்கமாட்டாள் என்பார்கள். எவ்வளவு அசதியானாலும், விருந்தாளி பத்துப் பேர் வந்து போனாலும், தொட்டியைக் காலி செய்துவிட்டுத்தான் அம்மா படுப்பாள். பத்துப்பாத்திரம் என்றால் பத்துப் பாத்திரம் என்று சின்ன வயதில் எண்ணிப் பார்த்து ஏமாந்திருக்கிறேன். அது பற்றுப்பாத்திரம், சோறும் குழம்பும் பற்றிய பாத்திரம். அதே சோறும் அதே குழம்பும் பற்றிய இன்னொரு தொகுதி, எண்ணிக்கை 32, கழுவப்படாமலேயே படுக்கைக்குப் போய்விடும். லட்சுமி இதைப் பற்றி ஒன்றும் சொன்னதாகத் தெரியவில்லை.

மரபிலும் உதவி இல்லை. ஆலும் வேலும் பல்லுக்கு உறுதி என்று பழமொழி சொல்கிறது. இதில் வேல் என்பதை வேம்பு என்று பலர் வாசிக்கிறார்கள், அது கருவேலம். இந்தத் திருத்தத்தைச் சொல்லி நான் இரண்டு கல்யாண வீடுகளில் நண்பர்களை இழந்திருக்கிறேன். எந்த மரமானாலும் பழமொழி குச்சியைச் சொன்னதே தவிர நேரத்தைச் சொல்லவில்லை. இருட்டிய பிறகு செடியைத் தொடாதே, அது தூங்கும் என்று பாட்டிமார்கள் சொல்லிவைத்திருக்கிறார்கள். செடியைத் தொடக்கூடாது என்றால் குச்சி எப்படி ஒடிப்பது? உமிக்கரியும் உப்பும் காலையில் கிணற்றடியில் உட்கார்ந்து தேய்த்தவை. இலங்கை வானொலியில் விளம்பரம் கேட்டு நாம் மனப்பாடம் செய்த கோபால் பல்பொடியையும் விடியற்காலையில்தான் உள்ளங்கையில் கொட்டினோம். நம் மொத்தப் பல் பண்பாடும் காலைப் பண்பாடு. இரவுப் பல்துலக்கலுக்குத் தாயும் இல்லை, தெய்வமும் இல்லை, விளம்பரப் பாட்டும் இல்லை. அது அநாதை.

மேலைநாட்டுச் சான்று ஒன்று. நெதர்லாந்தின் டெல்ஃப்ட் நகரத்துத் துணி வியாபாரி லேவன்ஹூக், தானே தேய்த்துச் செய்த கண்ணாடி வில்லை வழியாகத் தன் பல்லிடுக்கு அழுக்கைப் பார்த்து, அதில் உயிர்கள் நீந்துவதாக 1683இல் லண்டன் ராயல் சொசைட்டிக்குக் கடிதம் எழுதினார். கிருமியை நேரில் கண்ட முதல் சிலரில் ஒருவர். பல்லே விளக்காத ஒரு கிழவரைத் தேடிப்பிடித்து அவர் வாயிலிருந்தும் சுரண்டி எடுத்துப் பார்த்தார். அங்கே கூட்டம் இன்னும் அதிகம். இவ்வளவு கண்டவர் எப்போது பல் தேய்த்தார் தெரியுமா? காலையில், உப்புப் போட்டு. காலைப் பண்பாட்டுக்கு டெல்ஃப்டிலிருந்தே ஆதரவு கிடைத்தது.

இனி அரைப் பல்லின் கதை. கீழ்வரிசை வலப்பக்கக் கடைவாயில் ஐஸ்கிரீம் பட்டால் சுருக்கென்றது. இடப்பக்கமாக ஐஸ்கிரீம் சாப்பிடப் பழகிக்கொண்டேன். அப்புறம் காபிக்கும் சுருக்கென்றது. தலையைச் சாய்த்துக் காபி குடிக்கும் கலையும் கைவந்தது. ஒரு ராத்திரி இரண்டு மணிக்கு, ஒன்றும் சாப்பிடாமலே, பல் தன்பாட்டில் விண்விண்ணென்று தெறிக்க ஆரம்பித்தது. கிராம்பை வைத்துக் கடித்தேன். கிராம்பு மரத்துப்போனது, பல் மரக்கவில்லை. விடியும்வரை கூடத்தில் உலாத்திக்கொண்டே, இந்த ஒரு ராத்திரி நடந்த தூரத்தில் எத்தனை முறை வாஷ்பேசினுக்குப் போய் வந்திருக்கலாம் என்று கணக்குப் போட்டேன்.

பல் டாக்டர் சின்ன வயசுப் பெண். நாற்காலியைச் சாய்த்து, கண்ணாடிக் கம்பியை உள்ளே விட்டு, உதவியாளரிடம், "ஃபார்ட்டி சிக்ஸ், டீப்" என்றார். எனக்குத் தூக்கிவாரிப் போட்டது.

"டாக்டர், மனுஷனுக்கு மொத்தமே முப்பத்திரண்டுதானே?"

"நாலு வேற, ஆறு வேற சார். வாயை நாலு பாகமாப் பிரிச்சா உங்க கீழ் வலது நாலாவது. நடுவிலிருந்து எண்ணினா ஆறாவது பல். நாலு, ஆறு. நாப்பத்தாறு."

சந்தையில் மாட்டுத் தரகர் வாயைப் பிளந்து 'ரெண்டு பல், நாலு பல்' என்று எண்ணி வயசு சொல்வார். இந்த மருத்துவ முறையில் தரகைத் தவிர மற்றெல்லாம் அப்படியே இருந்தது.

"நைட் பிரஷ் பண்றீங்களா சார்?"

"பெரும்பாலும்."

"பெரும்பாலும்னு சொல்றவங்களுக்குத்தான் சார் பெரும்பாலும் இது வருது."

எக்ஸ்ரேயைக் காட்டினார். வெள்ளைப் பல்லுக்குள் ஒரு கறுப்பு நிழல், நடுவிலிருக்கும் கூழ் வரை இறங்கியிருந்தது. அவர் சொன்னவற்றை ஆய்வு மொழியில் தருகிறேன். பல்லின் மேலோடான எனாமல் உடம்பிலேயே கெட்டியான பொருள். நூற்றுக்குத் தொண்ணூற்றாறு பங்கு தாதுதான். ஆனால் அதற்கு உயிரும் இல்லை, நரம்பும் இல்லை. எலும்பு முறிந்தால் கூடும்; எனாமல் போனால் போனதுதான். நரம்பில்லாததால் அரிக்கும்போது வலிக்காது. வலி தெரியும்போது அரிப்பு உள்வீட்டுக்கு வந்திருக்கும். சாப்பிட்ட இனிப்பையும் மாவையும் வாய்க் கிருமிகள் தின்று அமிலமாக்குகின்றன. அமிலத்தைக் காட்டும் pH அளவு 5.5க்குக் கீழே இறங்கினால் எனாமல் கரையும். பகலில் இதைச் சமாளிப்பது எச்சில். நாளுக்கு அரை லிட்டரிலிருந்து ஒன்றரை லிட்டர் வரை சுரந்து, அமிலத்தைக் கழுவி, கரைந்த தாதுவையும் கொஞ்சம் திருப்பிக் கொடுக்கிறது. தூங்கினால் எச்சில் ஏறக்குறைய நின்றுவிடும். அதாவது ராத்திரி முழுவதும் பத்துப்பாத்திரம் தொட்டியில் கிடக்கிறது, குழாயிலும் தண்ணீர் வரவில்லை. இட்லி மாவுப் பாத்திரத்தைக் காயவிட்டுக் காலையில் சுரண்டிப் பார்த்தவர்களுக்கு மேற்கொண்டு விளக்கம் தேவையில்லை. நாள்பட்டால் அந்தப் பற்று எச்சிலில் உள்ள தாதுவையே வாங்கிக் காரையாக இறுகிவிடும். பிறகு பிரஷுக்கு அசையாது, இயந்திரம்தான் வர வேண்டும். பற்றறுப்பது துறவிகளுக்கே கஷ்டம்.

இன்னொன்றும் சொன்னார். அது எனக்கு எக்ஸ்ரேயைவிடச் சங்கடமாக இருந்தது. இந்த ஆறாவது பல் ஆறு வயது வாக்கில் முளைப்பது. இதற்காக எந்தப் பால்பல்லும் விழுவதில்லை. வரிசைக்குப் பின்னால் ஓசையில்லாமல் எழும்பும். அதனால் அதையும் பால்பல் என்று நினைத்து வீட்டில் விட்டுவிடுவார்கள். விழுந்த பால்பல்லை எல்லாம் சாணியில் உருட்டிக் கூரைமேல் எறிந்து கொண்டாடியிருக்கிறோம். வந்த இதை ஒருவரும் வரவேற்கவில்லை. ஒன்றாம் வகுப்பிலிருந்து எனக்காக மென்ற பல்.

ரூட் கெனால், மூன்று முறை வரச் சொன்னார். முதல் நாள் ஊசி போட்டதில் பாதி உதடு மரத்துவிட்டது. வெளியே வந்ததும் பழக்கதோஷத்தில் காபி குடித்தேன். பாதி சட்டை குடித்தது. கூழை எடுத்துவிட்டு அந்தக் குழாய்களில் ஒரு ரோஸ் நிறப் பசைக்குச்சியைத் திணித்தார்கள். அதன் பெயர் கட்டா பெர்ச்சா, மலாய் நாட்டு மரப்பால். பத்தொன்பதாம் நூற்றாண்டில் கடலடித் தந்திக் கம்பிகளுக்கு உறையாகப் போட்டதும் இதே பால்தான். கடலுக்கு அடியில் உப்புத் தண்ணீரைத் தாங்கியது என் வாயையும் தாங்கும் என்று நம்புகிறேன். மேலே ஒரு கேப். அதனால்தான் முப்பத்தொன்றரை. பில் ஒன்பதாயிரத்து ஐந்நூறு. அந்தப் பணத்துக்கு டூத்பேஸ்ட் வாங்கியிருந்தால் பேரன் காலம் வரை பிதுக்கலாம்.

கேப் போட்டவன் திருந்துவான் என்பது பொது நம்பிக்கை. தரவு அதை மறுக்கிறது. முதல் வாரம் தினமும் விளக்கினேன். இரண்டாம் வாரம் வாய் கொப்பளித்தால் போதும் என்ற சமரசம் பிறந்தது. மூன்றாம் வாரம் படுத்தபிறகு நினைவு வந்தது. படுத்தபிறகு வரும் நினைவுக்கு எந்தப் பலமும் கிடையாது. கட்டிலிலிருந்து வாஷ்பேசின் பதினோரு அடி. மின்விசிறியின் கீழ் போர்வைக்குள் கிடப்பவனுக்கு அது வேளாங்கண்ணிப் பாதயாத்திரை.

பழக்கம் 21 நாளில் வரும் என்கிறார்களே? அது 1960இல் மாக்ஸ்வெல் மால்ட்ஸ் என்ற அமெரிக்க பிளாஸ்டிக் அறுவை மருத்துவர் எழுதியது. முகம் மாறியவர்களுக்குப் புது முகம் பழகக் குறைந்தது அவ்வளவு நாள் ஆகிறது என்றார். மூக்குக்குச் சொன்னதை ஊரார் பல்லுக்கு எடுத்துக்கொண்டார்கள். லண்டன் யுனிவர்சிட்டி காலேஜில் ஃபிலிப்பா லாலியின் குழு 96 பேரை வைத்துப் பார்த்து 2010இல் வெளியிட்ட கணக்கு வேறு. சராசரி 66 நாள்; ஆளைப் பொறுத்து 18இலிருந்து 254 வரை. நடுவில் ஒருநாள் விட்டால் குடி முழுகிவிடாது என்றும் கண்டார்கள். அதைவிட முக்கியம், தினமும் தானாக நடக்கும் ஒரு காரியத்தின் முதுகில் புதுப் பழக்கத்தை ஏற்றச் சொல்லியிருந்தார்கள்.

முதலில் காலண்டரின் முதுகில் ஏற்றிப் பார்த்தேன். எங்கள் வீட்டு மாதக் காலண்டரில் பால் பாக்கெட் கணக்கும் சிலிண்டர் வந்த தேதியும் இருக்கும். பல் விளக்காத நாளுக்கு அதிலேயே ஒரு பெருக்கல் குறி போட்டேன். மாதக் கடைசியில் மனைவி அந்தக் குறிகளை எல்லாம் பால் வராத நாள் என்று எண்ணிப் பால்காரரிடம் பணம் பிடித்துவிட்டாள். அந்த மனிதரிடம் நான் நேரில் போய்ப் பல்லைக் காட்ட வேண்டியதாயிற்று.

அப்போதுதான் மொழியியல் இயல் கைகொடுத்தது. வினைச்சொல் ஒன்றென்றால் வேலையும் ஒன்றுதானே? ராத்திரிப் பத்துப்பாத்திரத்தை நானே தேய்ப்பதாக ஏற்றுக்கொண்டேன். பிரஷையும் பேஸ்டையும் கொண்டுபோய்ச் சமையலறைத் தொட்டி மேல், சபீனா டப்பாவுக்குப் பக்கத்தில் ஒரு டம்ளரில் நிறுத்தினேன். கடைசிக் கரண்டியைக் கவிழ்த்ததும் கை தானாக அடுத்த பாத்திரத்துக்குப் போகும். அடுத்த பாத்திரம் நான். முறுக்கு டப்பாவும் அந்த நேரம் மூடியாகிவிடும். இந்த ஆய்வின் முழுப் பலனையும் அனுபவிப்பவர் மனைவிதான் என்றாலும் அவளிடமிருந்து நிபந்தனை ஒன்று வந்தது: "தேய்க்கிறதை எங்கே வேணும்னாலும் தேய்ங்க, துப்புறதை மட்டும் பாத்ரூம்ல போய்த் துப்புங்க." வாயை மூடிக்கொண்டு தினமும் கூடத்தைக் கடக்கிறேன். பையன் அந்த நேரம் பார்த்துத்தான் கணக்கில் சந்தேகம் கேட்கிறான்.

நேற்றோடு 41 நாள். அதில் ஏழு நாள் பாத்திரம் மட்டும் துலங்கியது.