அட்டை மானிட்டர்

மானிட்டர் வாங்கியவரால் யாருக்கும் தொந்தரவு கிடையாது. அவர் பாட்டுக்கு ஒரு மூலையில் உட்கார்ந்து வேலையைப் பார்ப்பார். வாங்கப்போகிறவர் இருக்கிறாரே, அவரிடம்தான் நாம் மாட்டிக்கொள்கிறோம்.

நான் மாட்டிக்கொண்டவருக்குப் பகலில் கல்யாண ஆல்பம் டிசைன், ராத்திரியில் கேம், மீதி நேரமெல்லாம் அல்ட்ராவைட் ஓஎல்இடி. மதுரை சிம்மக்கல் பக்கம் வீட்டு முன்னறைதான் கடை. நுழைந்ததும் டீ சொல்வார். டீ வருவதற்குள் ஆரம்பித்துவிடும்: "அண்ணே, ஒரே ஒரு டவுட்டு."

மேஜைமேல் மூன்று அட்டை மானிட்டர்கள். எதிர்வீட்டுக்கு ஃப்ரிட்ஜ் வந்த பெட்டியைக் கேட்டு வாங்கி, 34 அங்குலம், 45, 49 என்று டேப் வைத்து அளந்து வெட்டியிருக்கிறார். 49 கிட்டத்தட்ட நாலடி அகலம். மேஜையும் நாலடி. அதனால் பிரிண்டர் தரைக்கு இறங்கிவிட்டது. முகத்துக்கு நேரே கருப்புச் சார்ட் ஒட்டிய அட்டை நிற்க, ஓரத்தில் ஒண்டியிருக்கும் பழைய 19 அங்குலத்தில் கழுத்தைத் திருப்பித் திருப்பி வேலை பார்க்கிறார்.

34க்கும் 49க்கும் கருப்புச் சார்ட் இல்லை, சாம்பலும் கத்தரிப்பூவும் கலந்த மாதிரி ஒரு காகிதம். ஏன் என்று கேட்டது என் தப்பு. அவை கியூடி-ஓஎல்இடியாம். போலரைசர் இல்லாத பேனல், அறையில் வெளிச்சம் இருந்தால் கருப்பு வெளுத்து அந்த நிறத்துக்குத் திரும்புமாம். மதுரை வெயிலுக்கு ஜன்னலைச் சாத்தாமல் முடியுமா, சாத்தினால் வேர்க்காதா என்று அதற்குள்ளேயே ஒரு கிளைக் கதை.

அட்டை தட்டையாக இருக்கிறதே என்று கேட்டது அதைவிடப் பெரிய தப்பு. 1800ஆர் வளைவு என்றால் 1.8 மீட்டர் ஆரமுள்ள வட்டத்தில் ஒரு துண்டு. 800ஆர் என்றால் ஆரம் 80 சென்டிமீட்டர். வாயால் சொன்னாலே எனக்குப் புரிந்திருக்கும். அவரோ சணல் கயிற்றின் ஒரு முனையை என் கட்டைவிரலுக்கடியில் அமுக்கச் சொல்லி, மறுமுனையில் சாக்பீஸைக் கட்டித் தரையில் வளைவு போட்டார். ஐம்பதைத் தாண்டிய மனுஷன் ஒரு மணிநேரம் குந்தியிருந்தேன். சாப்பாட்டுக்குக் கூப்பிட வந்த அவர் அம்மா எட்டிப் பார்த்து, "கோலத்தப் பாதியில விட்டுட்டீங்களேப்பா" என்றார்.

ஒன்றை ஒப்புக்கொள்ள வேண்டும். 12க்கு 36 கரிஸ்மா ஆல்பம் ஷீட், டூல்பாரை மறைத்துவிட்டால் 49 அங்குலத்தில் அச்சில் வரும் அதே அளவில் முழுசாக உட்காரும். அட்டைமேல் ஒரு ஷீட்டை வைத்துக் காட்டினார். எனக்கே ஆசை வந்தது. "வாங்கிருய்யா" என்றேன். "போட்டோஷாப் டூல்பார் தெனம் பத்து மணிநேரம் ஒரே எடத்துல நிக்கும்ணே. நாளாக நாளாகத் தழும்பு விழுந்துரும்." சரி, ராத்திரி கேமுக்காவது ஆகுமே? "எல்டன் ரிங் 16க்கு 9 தாண்டாதுண்ணே. ரெண்டு பக்கமும் கருப்புப் பட்டை." சொல்லிவிட்டு முகம் மலர்ந்தார். "ஆனா அது ஓஎல்இடி கருப்பு. பிக்சலே அணைஞ்சு கெடக்கும். அசல் கருப்பு!" ஒன்றும் தெரியாமல் இருக்கும் அந்தப் பட்டைக்குத்தான் லட்ச ரூபாய் பக்கத்தில் எண்ணி வைக்கப் போகிறார்.

32 அங்குலத்துக்கு மேல் ஜிஎஸ்டி 28 சதவீதம் என்று பல காலம் காத்திருந்தார். 2025 செப்டம்பர் 22ஆம் தேதி 18 ஆனது. அன்று காலை நானே போன் போட்டேன். "அண்ணே, அவசரப்படாதீங்க. எல்ஜில 45லயே 5120க்கு 2160 வந்துருச்சு." அவசரப்படுகிறவன் நானாம்.

சிரித்துவிட்டுப் போகலாம்தான். ஆனால் என் மகள் கல்யாண ஆல்பம் இவரிடம் இருக்கிறது. பேரனுக்கு அழகர்கோயிலில் மொட்டை போட்டு, முடியும் வளர்ந்துவிட்டது, ஆல்பம் வரவில்லை. சம்பந்தியம்மா போனில் கேட்கும்போதெல்லாம் நான் பொய் சொல்கிறேன். அட்வான்ஸ் வாங்கியாச்சு, வேலையை முடித்துக் கொடுக்க வேண்டாமா?

போன வாரம் சண்டை போடத்தான் போனேன். 19 அங்குலத் திரையில் முகூர்த்தப் பக்கம் திறந்திருந்தது. நடுவே மேலிருந்து கீழே ஒரு பச்சைக் கோடு, கோட்டுக்கு இந்தப்பக்கம் என் மகள், அந்தப்பக்கம் மாப்பிள்ளை. "கூரப்பொடவை இதுல தக்காளிச் செவப்பாத் தெரியும்ணே, பயந்துராதீங்க. பிரிண்டுல அரக்காத்தான் வரும்" என்று சோதனைப் பிரிண்டை ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்துக் காட்டினார். அதே அரக்கு. ஜரிகை ஓரத்தில் விழுந்த மஞ்சள்கூட அப்படியே. இத்தனை வருஷம் இந்தத் திரை சொல்லும் பொய்யெல்லாம் மனுஷனுக்கு மனப்பாடம்.

கொண்டுபோன கோபம் பாதியாகிவிட்டது. டீ வந்தது. டம்ளரை 45 அங்குலத்தின் மேல்விளிம்பில் வைக்கப் போனேன். பதறிப்போய் கையைப் பிடித்துக்கொண்டார்.

"சரிண்ணே, நீங்களே சொல்லுங்க. மூணுல எது?"

"ஏதாவது ஒண்ண வாங்கித் தொலை."

முகம் சுண்டிப்போயிற்று. "லட்ச ரூவா சமாச்சாரம். இப்பிடிப் பொத்தாம்பொதுவாச் சொன்னா எப்பிடிண்ணே?" என்றபடி டேப்பை எடுத்தார்.