கடைசிப் பந்தி

வேலையை விட்டுவிட்டு மலையேறி விவசாயம் செய்யப் போகிறவர்களில் பாதிப் பேராவது மசனோபு ஃபுகோகாவின் 'ஒற்றை வைக்கோல் புரட்சி'யைப் படித்துவிட்டுத்தான் போகிறார்கள். உழ வேண்டாம், உரம் போட வேண்டாம் என்கிற இடங்களில் எல்லோரும் அடிக்கோடு போட்டிருப்பார்கள். அப்பாவின் ஆரஞ்சுத் தோட்டத்தைக் கவாத்து செய்யாமல் விட்டு, மரங்களைச் சாகவிட்ட கதையையும் அதே மனிதர் அதே புத்தகத்தில் எழுதியிருக்கிறார். அங்கே மட்டும் பேனாவில் மை தீர்ந்துவிடும்.

நாங்கள் நிலம் வாங்கியது தாண்டிக்குடிப் பக்கம், காப்புக்காட்டை ஒட்டி. "இனிமேல் உப்பைத் தவிர எதையும் கடையில் வாங்கப் போவதில்லை" என்று மனைவி உறவினர்களுக்கெல்லாம் போனில் அறிவித்தார். நிலம் முழுக்க சில்வர் ஓக்கும் பலாவும். தக்காளிக்குத் தேவையான வெயில் மர உச்சியோடு நின்றுவிடும். நாலு மரத்தை வெட்டலாம் என்றால், மலைப்பகுதி மரங்களைக் காக்க 1955-இல் போட்ட சட்டம் ஒன்று இருக்கிறது. சொந்தப் பட்டாவில் நிற்கும் மரத்துக்கும் அனுமதி வாங்க வேண்டும்.

கிடைத்த வெயிலில் பாத்தி கட்டினோம். பக்கத்துத் தோட்டத்துப் பெரியவர் வேலியோரம் வந்து நின்றார்.

"என்ன போட்டிருக்கீங்க சார்?"

"அவரை, பீன்ஸ், சர்க்கரைவள்ளிங்கய்யா."

"வள்ளியா? பன்னிக்கு வெத்தலைபாக்கு வெச்சு அழைச்சிருக்கீங்க."

அழைப்பை மதித்துக் குடும்பத்தோடு வந்தன. உழாத வேளாண்மை செய்யப் போனவர்களுக்கு, பன்றிகளே மூக்கால் ஒரு முழ ஆழத்துக்கு உழுது கொடுத்துவிட்டுப் போயின. கிழங்கைத்தான் காணோம்.

வைத்தியம் சொல்ல ஆளுக்குக் குறைவில்லை. சலூன் முடியைத் தூவினால், மோந்து வரும் பன்றியின் மூக்கில் ஏறி ஓடிவிடுமாம். வத்தலக்குண்டில் ஒரு சலூன்காரர் எதற்கு என்றுகூடக் கேட்காமல் ஒரு சாக்கு முடி கொடுத்தார். பன்றி தும்மியது, தும்மிவிட்டுத் தின்றது. கலர் சேலையைச் சுற்றிக் கட்டினால் ஆள் என்று பயப்படும் என்றார்கள். மனைவி தாராளமாகப் பழைய சேலைகளை எடுத்துக் கொடுத்தார். எல்லாம் என் அம்மா தீபாவளிக்கு எடுத்துக் கொடுத்தவை.

2025 ஜனவரியில் அரசு ஓர் ஏற்பாடு செய்தது. காப்புக்காட்டிலிருந்து 3 கிலோமீட்டருக்கு அப்பால் வந்து பயிரை அழிக்கும் பன்றியை வனத்துறையினர் சுடலாம். 1 முதல் 3 கிலோமீட்டர் வரை என்றால் பிடித்துக் காட்டில் விடலாம். 1 கிலோமீட்டருக்குள் சுடவே கூடாது. எங்களுக்கு வருபவை அத்தனையும் முதல் கிலோமீட்டர்ப் பன்றிகள். காட்டுமாட்டின் செல்வாக்கு இன்னும் பெரிது. 1972-ஆம் ஆண்டு வனவிலங்குச் சட்டத்தின் முதல் அட்டவணையில் இருக்கிறது. பீன்ஸ் பந்தலை நிதானமாக மேய்ந்துவிட்டு, திண்ணையில் நின்ற என்னை ஒரு பார்வை பார்த்தது. நான்தான் உள்ளே போனேன். விருப்பாச்சி மலைவாழை வைத்தோம், புவிசார் குறியீடு பெற்ற பழம். அந்தச் செய்தி குரங்குகளுக்கும் எட்டியிருந்தது.

"காட்டுக்குப் பிடிக்காததா போடுங்க சார்" என்றார் பெரியவர். அவரே தன் தோட்டத்து மிளகில் தரையோடு ஓடிய கொடியைக் கணுப் பார்த்து நறுக்கித் தந்தார். மழை பிடித்ததும், வெட்டக் கூடாது என்று சட்டம் சொன்ன அதே சில்வர் ஓக் ஒவ்வொன்றின் அடியிலும், வெயில் அதிகம் படாத வடக்குப் பக்கமாக நட்டு, வாழைநாரால் தளர்வாகக் கட்டிவிட்டோம். கணுவுக்குக் கணு வேர் விட்டு, பட்டையைப் பற்றிக்கொண்டு ஏறியது. பன்றி மோந்து பார்த்துவிட்டுப் போனது. குரங்கு ஒரு சரத்தைக் கடித்துத் துப்பியது. மூன்றாம் வருஷம் காய்ப்பு. சரத்தில் ஒன்றிரண்டு மணி சிவந்ததும் பறித்துவிட வேண்டும். விட்டால் பழுத்ததைக் குருவி கொண்டுபோகும். பச்சையாக 3 கிலோ பறித்தால் காய்ந்து 1 கிலோ தேறும்.

மலையில் நிலம் தேடுகிறவர்களுக்கு ஒன்று சொல்கிறேன். பத்திரத்தைப் பார்க்கும் முன் காப்புக்காட்டு எல்லை எவ்வளவு தூரம் என்று விசாரியுங்கள். பக்கத்தில் என்றால் மிளகு வையுங்கள். காய்கறிக்கு பஸ் ஏறி வத்தலக்குண்டு போய்வாருங்கள்; அங்கே நல்ல சர்க்கரைவள்ளி கிடைக்கிறது.